ஓசோன் அறையில் மூக்கு வேலை

நான் வேதியியல் படித்தவன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. படிக்காதவனாக இருந்திருந்தால், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கலாம். நான் படித்தது முதுகலை, அதுவும் முதல் வகுப்பு. ஓசோனைப் பற்றி ஒரு நெடுவினாவுக்குப் படம் போட்டு இரண்டரைப் பக்கம் எழுதியவன். அதில் ‘நச்சு வாயு’, ‘வலிமையான ஆக்சிஜனேற்றி’ என்ற இரண்டு இடங்களிலும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டால் விடைத்தாள் திருத்துகிறவர் கண்ணில் பளிச்சென்று படும் என்பது எங்கள் விடுதியின் நம்பிக்கை. அதே வாயு ஐந்து பெண்களின் நெஞ்சுக்குள் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தபோது, அது என் கண்ணில்தான் படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கோவில்பட்டியில் நகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கல்யாண முகூர்த்தம்போல முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வோம். வராத நாட்கள்தான் அதிகம் என்பதால் தண்ணீர் விற்பது ஒரு தொழிலாகிவிட்டிருந்தது. எங்கள் முதலாளி அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். மெஷின் தீப்பெட்டி வந்து கைத்தொழிலை நசுக்கியதும் ஆபீஸை மூடினார். எட்டயபுரம் சாலையில் இருந்த அதே ஷெட்டுக்கு வெள்ளையடித்து, தரையில் டைல்ஸ் பதித்து, தண்ணீர் கேன் கம்பெனி ஆக்கினார்.

“இத்தன வருசம் நெருப்ப வித்தாச்சு தம்பி. இனிமே தண்ணிய விப்போம்” என்பார். அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் அண்ணாச்சி என்பேன். படித்தவன் என்பதற்காக எனக்கு வழங்கப்பட்டிருந்த சலுகை அது.

தண்ணீர் கம்பெனிக்குத் தர முத்திரை வேண்டுமென்றால் ஒரு கெமிஸ்ட் இருக்க வேண்டும் என்பது விதி. நான் பாடம் நடத்திய டுடோரியல் அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. இப்படியாக அண்ணாச்சிக்கு ஒரு கையெழுத்தும், எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் கிடைத்தன. கோட்டில் பை இருந்தது. பையில் பேனா வைத்துக்கொள்வேன். கெமிஸ்ட் என்பதற்கு அதற்கு மேல் அடையாளம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

லாரியில் வரும் தண்ணீரை வடிகட்டி, உப்பெடுத்து, கடைசியில் ஒரு பெரிய எஃகுத் தொட்டியில் ஓசோன் வாயுவைக் குமிழ் குமிழாக விடுவோம். கிருமியைக் கொல்ல. அந்த வாயுவை உண்டாக்கும் மெஷின் ஒரு பீரோ அளவு இருந்தது. மின்சாரத்தைக் கொண்டு காற்றைப் பிசைந்து ஓசோன் ஆக்கும். வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது வருமே ஒரு காரமான வாசனை, ஏறக்குறைய அது. கிருமியைக் கொல்வது கிருமியோடு நிற்குமா என்று கேட்க வேண்டிய ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான். நான் அப்போது விளம்பர நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்த செய்தியை அண்ணாச்சி பேப்பரில் படித்திருந்தார். அது அவருக்குப் பெரிய வரமாகப் பட்டது. “வானத்துல ஓட்ட விழுந்துட்டுன்னு வெள்ளக்காரன் அழுவுதான். நம்ம ஷெட்டுல அது பொங்கி வழியுது. இத நல்லா எழுதணும் தம்பி” என்றார். எழுதினேன். ‘பூமியைக் காக்கும் ஓசோன் இனி உங்கள் வீட்டுக் குடத்தில்!’ நீல மையில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்ததைக் கேட்டு, இலக்கியவாதிக்கு உண்டாகும் புல்லரிப்பு எனக்கும் உண்டானது. மேலே பல மைல் உயரத்தில் இருக்கும்போது வெயிலைத் தடுக்கிற அதே வாயு, மூக்குக்கு நேரே வந்தால் நெஞ்சை அரிக்கும் என்பதை அந்த நோட்டீஸில் எழுத இடமில்லை.

கேன் நிரப்பும் அறையில் ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். ஐந்து பேரும் அண்ணாச்சியின் பழைய தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள். முதல் நாள் அவர்களை வரிசையாக நிற்கவைத்து அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“நல்லா மூச்ச இழுங்கட்டி. கொடைக்கானல்ல துட்டு குடுத்து இழுக்குற காத்து இது. ஒங்களுக்குச் சம்பளமும் குடுத்துக் காத்தும் குடுக்கேன்.”

அவர்கள் இழுத்தார்கள். ஒருத்தி இருமினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே ஒரு குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையாமல் மிஞ்சுகிற ஓசோன் தொட்டியின் தலையிலிருந்து வெளியேற ஒரு குழாய் உண்டு. மெஷின் கொண்டுவந்தவன் அதைச் சுவரில் ஓட்டை போட்டு, தெற்குப் பக்கமாக வெளியே நீட்டிவிட்டுப் போனான். அவன் மழை பெய்கிற ஊர்க்காரன். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று அவனுக்குத் தெரியாது. ஷெட்டுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கரிசல் காடுதான். உழுது போட்ட நிலத்திலிருந்து காற்று எழும்பினால் பட்டப்பகலில் எதிரே வருகிறவர் யார் என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். முதல் காற்றிலேயே அந்தக் குழாய் வழியாகத் தூசி உள்ளே இறங்கியது. கேனின் அடியில் மை தெளித்ததுபோலக் கறுப்பு. கடைக்காரர்கள் அத்தனை கேனையும் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி, மேலே சாக்குத் துணி சுற்றி, குழாயின் வாயை இறுக்கி அடைத்தார்கள். ஜன்னல்களும் சாத்தப்பட்டன. தூசி நின்றது. ஓசோனுக்கு வெளியேற வழி இல்லாததால் தொட்டி மூடியின் இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே கசிந்தது. வேட்டியைச் சுருட்டும்போது பக்கத்தில் நின்று, ‘இன்னும் கொஞ்சம் இறுக்கமாக’ என்று சொன்னவன் யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

தண்ணீரில் ஓசோன் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க மெஷினோடு ஒரு பெட்டி வந்திருந்தது. சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். மருந்து மூன்று மாதத்தில் தீர்ந்தது. புதிதாக வாங்கச் சொன்னேன்.

“நெறம் பாத்தா வாங்குதான்? கேனத் தொறந்ததும் வாசம் வரணும், அதான் வாங்குதான். வாசத்தப் பாக்க மருந்து எதுக்கு? மூக்கு போதாதா?” என்றார் அண்ணாச்சி.

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது என்பதற்காகவே என் பட்டத்தைப் பல்கலைக்கழகம் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

யாருடைய மூக்கு என்று முடிவுசெய்ய ஒரு போட்டி வைத்தோம். மூன்று டம்ளர். ஒன்றில் ஓசோன் விட்ட புதுத் தண்ணீர், ஒன்றில் விடாதது, ஒன்றில் முந்தின நாள் தண்ணீர். நான்கு பெண்கள் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் எட்டயபுரம் போகிற வழியில் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா. நாற்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிறவர். அவர் மூன்றையும் சரியாகச் சொன்னதோடு நிறுத்தவில்லை.

“இந்த டம்ளர பீடி குடிச்ச கையால எடுத்திருக்காவ” என்றார்.

பம்பு ஓட்டுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். அறையே சிரித்தது. “இது மூக்கு!” என்று அண்ணாச்சி அக்காவை அந்த இடத்திலேயே நியமித்தார். நாற்காலி ஒன்றும் போட்டுக் கொடுத்தார். மற்ற நால்வருக்கும் நிற்கிற வேலை.

வேலை இதுதான். அரை மணிக்கு ஒரு தடவை, அப்போதுதான் நிரம்பிய கேன் ஒன்றின் வாயில் முகத்தை வைத்து அக்கா மூச்சை இழுப்பார். “இருக்கு” என்றால் சரி. “இல்ல” என்றால், மெஷினில் வாயுவைக் கூட்டிக் குறைக்கிற திருகு குமிழை நான் கொஞ்சம் திருப்புவேன். குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டிருந்தது. திருப்பியதும், “நாலு வெச்சிருக்கேன்க்கா” என்று சத்தமாகச் சொல்வேன், பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல. பிறகு நோட்டில் எழுதுவேன். அறிவியல் முறைப்படி நடப்பதாக ஒரு திருப்தி.

ஆரம்பத்தில் குமிழ் மூன்றில் இருந்தது. பத்து நாளில் “இல்ல” என்பது கூடிக்கொண்டே வந்தது. நாலு. அப்புறம் அஞ்சு. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆறு. மெஷின் பழசாகிவருகிறது என்று நோட்டில் எழுதினேன். பொங்கல் கழிந்து, பங்குனி வெயில் கழிந்து, அடுத்த ஆடிக் காற்று தொடங்கும்போது எட்டில் நின்றது.

இதற்கிடையே அந்த அறையில் எல்லோரும் இருமினார்கள். தொண்டை வறட்சி, கண் எரிச்சல், தலையைப் பிடித்து அமுக்கும் வலி. அக்காவுக்கு நெஞ்சுக்குழி இறுக்கமாக இருந்தது. நீளமாக மூச்சு இழுத்தால் பாதியில் இருமல் வந்து வெட்டும். டைல்ஸ் தரைக் குளிர்ச்சி என்றோம். ஜலதோஷம் என்றோம். கேப்பைக் கூழ் குடிக்காதே என்று யாரோ சொன்னார்கள். அக்கா மட்டும் ஒரு தடவை, “ஞாயித்துக்கெழம மட்டும் நோவுக்கும் லீவு சார். திங்கக்கெழம எனக்கு முன்னால பஸ் ஏறி வந்து உக்காந்திருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒரு மருத்துவ நூலில் இருக்க வேண்டிய வாக்கியத்தை அந்த அம்மாள் சொல்லிவிட்டார். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம்.

இன்னொன்றும் நடந்தது. அந்த அறையில் ரப்பர் தாங்கவில்லை. தலைமுடியைக் கட்டுகிற ரப்பர் பேண்டு நாலைந்து நாளில் வெடிப்பு விட்டு அறுந்தது. செருப்பு வார் கூட வெடித்தது. “கடக்காரன் ஏமாத்துதான்” என்று கடையை மாற்றினார்கள். தொட்டி மூடிக்கு அடியில் போடும் ரப்பர் வளையமும் வெடித்தது. நான் வேறு வளையம் வாங்கிப் போட்டேன்.

ஒரு நாள் தண்ணீர் லாரி டிரைவர் ரசீதில் கையெழுத்து வாங்க வந்தவர், வெளியே ஆள் இல்லை என்று நிரப்பும் அறைக் கதவைத் திறந்தார். சரியாக அந்த நேரம் அக்கா கேனிலிருந்து முகத்தை எடுத்து “இல்ல” என்று சொல்லியிருந்தார். என் கை குமிழின் மேல் இருந்தது.

“ஏ யம்மா!” என்று டிரைவர் இரண்டடி பின்வாங்கினார். கண்ணில் தண்ணீர். “என்னவே இது, உள்ள வெல்டிங்கா போடுதீங்க? மொளகாய வறுத்த மாதிரி ஏறுது. எப்படி நிக்கிய உள்ள?”

“தண்ணி லாரி ஓட்டுறவருக்குத் தண்ணி வாசம் ஆவலயாம்” என்றாள் ஒருத்தி. சிரிப்பு, அதன் முடிவில் இருமல்.

நான் சிரிக்கவில்லை. வாசலில் நிற்கிற ஆளுக்குக் கண் எரிகிறது. கேனுக்குள் முகத்தை வைத்த ஆள், அதுவும் பீடி பிடித்த கையைக் கண்டுபிடித்த மூக்கு, வாசனையே இல்லை என்கிறது. மெஷின் பழசாகவில்லை. மூக்கு மரத்துப்போயிருக்கிறது. அது மரத்துப்போகப் போக நான் குமிழைத் திருப்பியிருக்கிறேன். நான் திருப்பத் திருப்ப அது இன்னும் மரத்திருக்கிறது, கூடவே நின்ற என் மூக்கும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! ஒரு மனுஷியை மெதுவாகக் கெடுக்க இதைவிடச் சுத்தமான வழியை வேண்டுமென்றே யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் யோசிக்காமலே கண்டுபிடித்திருந்தோம்.

வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை இறக்கினேன். எல்லாம் இருந்தது. தொடர்ந்து முகர்ந்தால் வாசனை உணர்வு மழுங்கும். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தைப் புண்ணாக்கும். ரப்பரை வெடிக்கச் செய்யும். ஓரத்தில் என் கையெழுத்திலேயே ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். குழாயைத் திறந்துவிட வேண்டும், குமிழை மூன்றுக்கு இறக்க வேண்டும், சொட்டு மருந்து வாங்க வேண்டும் என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

“தொறந்தா தூசி வராதா?”

“வரும் அண்ணாச்சி. அதுக்கு ஏதாவது செய்யணும்.”

“தம்பி, தூசி கண்ணுக்குத் தெரியும். கேனத் தூக்கிப் பாத்தாக் கறுப்பாத் தெரியும். ஒங்க ஓசோன் யாரு கண்ணுக்குத் தெரியுது?”

அறையை விட்டு வந்து, கேட்காமலே குமிழை மூன்றுக்கு இறக்கினேன். நான்காம் நாள் கடைக்காரர்கள் வாசம் குறைந்துவிட்டது என்றார்களாம். அண்ணாச்சி தாமே உள்ளே வந்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குமிழை எட்டுக்கு ஏற்றிவிட்டுப் போனார். மூக்கைப் பொத்தியதைப் பெண்களும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு முதல் தடவையாக உடம்பெல்லாம் கோபம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? தர ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தேன். அதிகாரி வந்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிற வயதைத் தாண்டிய பிறகும் நம்பினேன்.

அவர் வந்தார். பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறதா பார்த்தார். நகம் பார்த்தார். டைல்ஸ் இடுக்கில் விரலால் தடவிப் பார்த்தார். மூன்று கேன் தண்ணீரை எடுத்து சீல் வைத்தார். ஓரமாகக் கூப்பிட்டு, அறைக் காற்றைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

“காத்தா? காத்த விக்கிறீங்களா?” என்றார்.

“இல்ல சார். சுவாசிக்கிறாங்க.”

“எங்க லிஸ்ட்ல தண்ணிதான் சார் இருக்கு.”

இரண்டு இருமலுக்கு நடுவே இதைச் சொன்னார் என்பதையும் எழுதிவைக்கிறேன். தண்ணீர் பரிசோதனையில் தேறியது. மிகத் தூய்மையான தண்ணீர் என்று காகிதம் வந்தது. உண்மைதான். அந்தக் கட்டடத்தில் கெடாமல் இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

அந்த வாரம் காற்று கடுமையாக இருந்தது. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அக்கா, கேனில் முகம் வைத்தவர், நிமிரவில்லை. இரண்டு கையாலும் கேனைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தார். உள்ளே இழுக்கும்போது விசில் சத்தம். உதடு நிறம் மாறியது. வெளியே தூக்கிவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தோம். தூசிக் காற்றிலும் அவர் வாயைத் திறந்து திறந்து விழுங்கினார். நான் உள்ளே ஓடி மெஷினை நிறுத்தினேன். வெளிப்பக்கம் போய்க் குழாயிலிருந்த சாக்கையும் வேட்டியையும் பிடுங்கினேன். அந்த நேரத்துக் கேன்கள் எல்லாம் கறுத்தன. அண்ணாச்சி கேன்களைப் பார்க்க முதலில் போனார்.

அவரே ஆட்டோ வைத்துக் கொடுத்தார், அதை மறுக்கவில்லை. அவருக்குப் பழக்கமான தனியார் டாக்டரிடம் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “முன்னால என்ன வேலை பாத்தம்மா?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல.”

“எத்தன வருசம்?”

“பதினாலு.”

டாக்டரின் முகம் தெளிந்தது. தீக்குச்சி மருந்துத் தூசி, பழைய பாதிப்பு என்று சீட்டில் எழுதினார். இப்போது என்ன வேலை என்று கேட்கவே இல்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது, “தண்ணி கம்பெனிதானே, அது சுத்தமான எடம்” என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். மூடிவிட்ட தொழிலின் மேல் நோயை எழுதியாகிவிட்டது. மூடிய ஆபீஸின் முதலாளியும் அவர்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஒரே ஆள் தன்னுடைய செத்துப்போன கம்பெனியின் மேல் பழியைப் போட்டு உயிரோடிருக்கும் கம்பெனியைக் காப்பாற்றியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாத்திரையில் கேட்கவில்லை. அக்கா தன் வீட்டுக்காரரோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இளவயது டாக்டரம்மா ஒருவர், இப்போது என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அக்கா ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த அறையில் என்ன வாயு, எவ்வளவு நாளாக, காற்றுப் போக வழி உண்டா, இதையெல்லாம் கம்பெனி கெமிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான், இது இந்த வேலையால் வந்தது என்று தன்னால் எழுத முடியும் என்றிருக்கிறார். இல்லாவிட்டால் முந்தின சீட்டுத்தான் நிற்கும். குணமாகாத தீப்பெட்டி நோயோடு அக்கா அதே அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் எழுதித் தருகிறேன் என்று உள்ளே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மோசமான உரைநடை அதுதான். ‘பணியிடத்தில் இயன்ற அளவு காற்றோட்டம் உள்ளது. எனினும் சிற்சில வேளைகளில் ஓசோனின் இலேசான மணம் காணப்படுவதுண்டு.’ எனக்கு வேறு வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்பதெல்லாம் அந்த ‘எனினும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

“வாசிச்சுக் காட்டுங்க சார்” என்றார் அக்கா.

வாசித்தேன். கேட்டு முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“கொழாய அடச்சது இதுல எங்கன இருக்கு?”

தாளை மறுபடி மேலிருந்து பார்த்தேன்.

“நான் இல்ல இல்லன்னு சொன்னது, நீங்க திருப்பித் திருப்பி வெச்சது, அது எங்கன இருக்கு? இத டாக்டரம்மா படிச்சாவன்னா, ஏதோ பூ வாசம் புடிச்சு மயங்கி விழுந்தான்னுல்லா நெனப்பாவ?” பிறகு, குரலை உயர்த்தாமல், “பேர் கெட்டுரும்னு பயப்படுதீங்க. எனக்கு மூச்சு கெட்டுட்டு சார்” என்றார்.

நோட்டைக் கம்பெனியிலிருந்து எடுத்துவந்து எழுதினேன். குழாய் அடைக்கப்பட்ட மாதம், அடைத்தபோது நான் உடனிருந்தது, சொட்டு மருந்து தீர்ந்த மாதம், மூக்கால் பார்க்க ஏற்பாடு செய்தது, குமிழ் எந்தெந்த வாரம் எந்த எண்ணில் இருந்தது, திருப்பியவன் நான். ஒன்றரைப் பக்கம். இந்தத் தடவை எதற்கும் அடிக்கோடு போடவில்லை. கையெழுத்துக்குக் கீழே படிப்பையும் எழுதினேன், யார் திட்டினாலும் சரியான ஆளைத் திட்டட்டும் என்று.

டாக்டரம்மா, வேலையிடத்து வாயுவால் வந்த மூச்சுக்குழாய்ப் பாதிப்பு, அந்த அறைக்கு மறுபடி போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையை மாற்றி, மூச்சில் இழுக்கிற மருந்தும் கொடுத்தார். தேறும், ஆனால் பழைய மாதிரி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மேஜையில், டாக்டரம்மாவின் சீட்டோடு, நான் எழுதிக் கொடுத்ததன் ஜெராக்ஸும் இருந்தது. “படிச்சவன வேலைக்கு வெச்சது என் தப்பு” என்றார். வாதத்துக்கு இடமில்லாத வாக்கியம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவர் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் அந்தக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, நுனியைக் கைத்தடிப் பிடிபோல வளைத்துக் கீழ்நோக்கி விட்டு, வாயில் கொசுவலை கட்டினார். தூசி உள்ளே போகாது, வாயு வெளியே போகும். ஒரு மத்தியான வேலை. நடுவே டீ குடிக்கவும் போய்வந்தாராம். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஐந்து பேருடைய நெஞ்சு, வளைந்த குழாய்த் துண்டு ஒன்றுக்காக. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவன் ‘இன்னும் இறுக்கமாக’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையிலிருந்து நடந்து வந்ததற்கு மூச்சு வாங்கியது. பேச வேண்டாம், பொறு என்று எனக்குக் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் மற்ற நான்கு பெண்களும் நின்றார்கள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் சொன்னார்.

“இவளுவளுக்கும் எழுதணும் சார். டாக்டரம்மா எல்லாத்தையும் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காவ. எனக்கு எழுதுனத அப்படியே எழுதிக் குடுத்துராதீங்க. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொன்னு பண்ணுது.”

“ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதா?” என்று நால்வரையும் பார்த்துக் கேட்டேன்.

“வந்தா வரட்டும்” என்றாள் ஒருத்தி. “ஏட்டி, மொதல்ல நீ சொல்லு” என்று இன்னொருத்தியை முன்னால் தள்ளினாள்.

உள்ளே வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் நோட்டையும் வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முன்னால் தள்ளப்பட்டவள்தான் வயதில் சின்னவள். இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். எந்த மாதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். பிறகு சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

“நீங்க ‘அஞ்சு வெச்சிருக்கேன்’னு சத்தம் குடுத்தீங்கல்லா சார், அந்த வாரம்.”

நோட்டைப் புரட்டி அந்த வாரத்தைத் தேடினேன்.